அப்பாவின் பந்து ஏன் இடப்பக்கமே போனது?

வணக்கம் மக்களே. சுங்கை சிப்புட்டில் மத்தியானத்திலிருந்து மழை. தகரத்தில் விழும் சத்தம் உங்களுக்கும் கேட்கும். பயிற்சி ரேஞ்சுக்குப் போக முடியாததால், கோல்ஃப் மட்டைகளை வாசலில் பரப்பி வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில் இந்த அயனைப் பாருங்கள், மெல்லிய இரும்புத் தலை வைத்த மட்டை. அப்பாவுடையது. சின்ன வயதில் தோட்டத்துத் துரைமார் கிளப்பில் மட்டைப் பை சுமக்கும் கேடியாக இருந்தார். ஆறடி உயரத் துரை ஒருவர் தன் பழைய செட்டை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா ஐந்தடி மூன்று அங்குலம். பந்து எப்போதும் இடப்பக்கம் போகும். 'என் கை சரியில்லை' என்றுதான் இருபது வருடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கை சரியாகத்தான் இருந்தது. அவருக்குக் கைகள் தாழ்வாக நிற்கும். அதனால் மட்டைத் தலையின் முன்முனை தரையைவிட்டு மேலே தூக்கிக்கொள்ளும். முனை தூக்கினால், வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்தை அடிக்கும் மட்டையின் முகமே இடப்பக்கம் பார்க்கும். மட்டை தரையில் உட்காரும் இந்தச் சாய்வைத்தான் லை ஆங்கிள் என்கிறார்கள். முகம் பின்னால் சாய்ந்திருக்கும் அளவுக்கு லாஃப்ட் என்று பெயர். அது கூடக் கூட இந்தப் பிசகும் பெரிதாகும். தூரம் அடிக்கும் டிரைவரில் கொஞ்சம்தான் தெரியும், பந்தை உயரத் தூக்கும் வெட்ஜில் நன்றாகத் தெரியும். அப்பாவுக்கும் குழி இருக்கும் கிரீனுக்குப் பக்கத்தில்தான் அதிகம் தவறும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. என் தாத்தா மண்வெட்டிக்குக் காம்பு போடும்போது, யார் வெட்டப்போகிறார் என்று கேட்டுவிட்டுத்தான் ஆப்பு அடிப்பார். ஆப்பு எந்தப் பக்கம் ஏறுகிறதோ அதற்கேற்ப வெட்டும் கோணம் மாறும். ஆள் குனிகிற அளவுக்குத்தான் மண்வெட்டி குனிய வேண்டும்.

இப்போது வரும் டிரைவரின் கழுத்தில் இருப்பதும் அந்த ஆப்புதான். திருகாணியைக் கழற்றினால் தண்டின் அடியில் ஒரு ஸ்லீவ், அதாவது சின்னக் குழாய் உறை, இருக்கும். அதன் துளை நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாக இருக்கும். ஸ்லீவைத் திருப்பிப் போட்டால் தண்டு வேறு பக்கம் சாயும், லாஃப்டும் லையும் முகம் பார்க்கும் திசையும் மாறும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்றும் நகரும் என்பதை மறக்காதீர்கள். சாதாரண ஸ்லீவில் லாஃப்டைக் கூட்டினால், மட்டையைத் தரையில் வைக்கும்போது முகம் இடப்பக்கம் மூடும். குறைத்தால் வலப்பக்கம் திறக்கும். பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுகிறவர் 'தாழ்வாகப் போகட்டும்' என்று லாஃப்டைக் குறைத்தால் இன்னும் மோசமாகும். டைட்டிலிஸ்ட் கம்பெனியின் 910 டிரைவரில் இதற்காகவே இரண்டு வளையம் வைத்தார்கள். லாஃப்ட் தனி, லை தனி, மொத்தம் 16 அமைப்பு. எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு அது.

இதெல்லாம் ரொம்பப் பழைய கதையும் இல்லை. 2004இல் டெய்லர்மேட் கம்பெனியின் ஆர்7 குவாட் டிரைவர் நான்கு எடைத் திருகாணிகளோடு வந்தது. அப்போது வுட் (டிரைவர் போன்ற பெரிய தலை மட்டை), அயன் மட்டைகளில் எடையை மட்டும்தான் மாற்ற விதி விட்டது. 2008 ஜனவரி 1 முதல்தான் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யூஎஸ்ஜிஏ இரண்டும் மற்றவற்றையும் மாற்றலாம் என்றன. அடுத்த வருடமே டெய்லர்மேட்டின் ஆர்9 கழுத்து திரும்பும் டிரைவராக வந்தது. ஆனால் சுற்று தொடங்கிய பிறகு வேண்டுமென்றே மாற்றக் கூடாது. மாற்றிய மட்டையால் அடித்தால் போட்டியிலிருந்து நீக்கம். திருகாணியை இறுக்க அதற்கென்று வரும் சாவியை மட்டும் பயன்படுத்துங்கள். 'டக்' என்றதும் நிறுத்துங்கள். மோட்டார் கடைச் சாவி வேண்டாம், மரை போய்விடும்.

ஸ்லீவில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், ஒரு தலைக்கு இரண்டு தண்டு போடலாம். அப்பாவுக்குக் குட்டையாக, மெதுவான வீச்சுக்கு ஏற்றதாக ஒன்று, எனக்கு ஒன்று. ரேஞ்சில் மாற்றி மாற்றிப் போட்டு அடிக்கிறோம். இரண்டு ஸ்லீவும் அந்தத் தலைக்குப் பொருந்தும் வகையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, அயன் மட்டைக்கு வருவோம். பெரும்பாலான அயன்களில் ஸ்லீவ் கிடையாது, கழுத்தையே வளைக்க வேண்டும். அடித்துச் செய்த மென்மையான இரும்பு எளிதாக வளையும். வார்ப்பு ஸ்டீல் அவ்வளவு வளையாது, இழுத்தால் முறியும். கருவி வைத்திருக்கிறவரிடம் கொடுங்கள். பிங் கம்பெனியின் பழைய செட் வாங்குகிறவர்கள் தலையில் இருக்கும் வண்ணப் புள்ளியைப் பாருங்கள். கறுப்பு பொதுவான சாய்வு, நீலம் நிமிர்ந்தது, சிவப்பு படுத்தது. பலர் இதைப் பார்க்காமலேயே பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

உங்கள் மட்டை உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு மார்க்கர் பேனா போதும். வெள்ளைப் பலகையில் எழுதுவோமே, அந்த மை. பந்தில் தடிமனாக ஒரு கோடு போட்டு, கோடு செங்குத்தாக மட்டையைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் கோடு பதியும். நேராகப் பதிந்தால் சரி. கோட்டின் மேல்பக்கம் முன்முனையை நோக்கிச் சாய்ந்தால் மட்டை உங்களுக்கு நிமிர்ந்திருக்கிறது. தண்டு சேரும் குதிகால் பக்கம் சாய்ந்தால் படுத்திருக்கிறது. ஐந்தாறு பந்து அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்பாவின் 7 அயனில் கோடு முன்முனைப் பக்கம் நன்றாகச் சாய்ந்தது. மட்டையை அரை அங்குலம் வெட்டி, 2 டிகிரி படுக்க வைத்தோம். அவர் விரல்கள் தடிமன், செம்பனைக் குலை அறுத்த கை, அதனால் கைப்பிடியான கிரிப்புக்கு அடியில் இரண்டு சுற்று டேப் கூடுதலாக. ஈப்போவில் புது செட்டுக்குக் கேட்ட விலையோடு பார்த்தால் மிகக் கொஞ்சம் வெள்ளிதான் செலவு.

போன ஞாயிறு முதல் பந்து கொடிக்கு நேராகப் போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மட்டையைத் திருப்பி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் இன்னொரு பந்தை வைத்தார்.