தம்பி போனார், அண்ணன் வந்தார்

அனைவருக்கும் வணக்கம்.

இன்று நாம் பார்க்கப்போகும் படம் 63 நிமிடம்தான். அதைவிட நீளமாகப் பேசிவிடாதீர்கள் என்று அமைப்பாளர் வாசலிலேயே சொல்லிவிட்டார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படத்தின் பெயர் ‘தி ஃபால்கன்ஸ் பிரதர்’. 1942இல் ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. நிறுவனம் எடுத்தது. இந்தப் பெயரைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், உடனே மாட்டிக்கொள்வீர்கள். பிரதர் என்றால் அண்ணனா, தம்பியா? ஆங்கிலத்துக்கு அந்தக் கவலை இல்லை. நாம் முடிவு செய்தே ஆக வேண்டும். கதாநாயகன் ஜார்ஜ் சாண்டர்ஸ். அவருக்குச் சகோதரனாக வருகிறவர் டாம் கான்வே. நிஜத்திலும் இருவரும் கூடப் பிறந்தவர்கள்தான். ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர்கள். கான்வே பிறந்தது 1904, சாண்டர்ஸ் 1906. ஆக, இந்தப் படத்தோடு வேடத்தை விட்டுப் போகிறவர் தம்பி, அந்த இடத்துக்கு வருகிறவர் அண்ணன். ஒரே குடும்பப் பெயரோடு இரண்டு நடிகர்கள் இருந்தால் குழப்பம் என்று அண்ணன்தான் தன் பெயரையும் மாற்றிக்கொண்டார். காசு சுண்டிப் பார்த்து முடிவு செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, இவர்களுக்குப் பொருத்தமான கதை.

ஃபால்கன் என்றால் வல்லூறு. அது ஒரு துப்பறிவாளனின் பட்டப்பெயர். 1941 முதல் 1946 வரை ஆர்.கே.ஓ. இந்த வரிசையில் 13 படங்கள் எடுத்தது. ஆறு வருடத்தில் 13 என்றால் எந்த வேகத்தில் எடுத்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு சின்னப் படங்கள்? 1930களில் அமெரிக்காவில் பெரிய பொருளாதார மந்தம். தியேட்டருக்கு ஆள் வரவில்லை. ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் என்று ஆரம்பித்தார்கள். முதலாவது நட்சத்திரங்கள் நடித்த பெரிய படம். அதற்கு வசூலில் சதவீதக் கணக்கில் பங்கு. கூட ஓடும் சின்னப் படத்துக்குப் பங்கெல்லாம் கிடையாது, பேசிவைத்த ஒரே வாடகை. படம் பிரமாதமாக இருந்தாலும் அதே தொகை, சொதப்பினாலும் அதே தொகை. இப்போது தயாரிப்பாளராக யோசித்துப் பாருங்கள். வருமானம் முன்கூட்டியே தெரிந்துவிட்டது, ஒரு ரூபாய்கூட ஏறாது. அப்படியானால் லாபம் எங்கே இருக்கிறது? மிச்சம் பிடிப்பதில் மட்டும்தான் இருக்கிறது. இந்தப் படங்களின் நல்லது கெட்டது எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து வருகின்றன என்பதுதான் என் கட்சி.

மிச்சம் பிடிக்க எளிய வழி, இருப்பதையே திரும்பப் பயன்படுத்துவது. ஃபால்கனே அப்படிப் பிறந்தவன்தான்.

அதற்கு முன்னால் இதே ஆர்.கே.ஓ., ‘செயிண்ட்’ என்ற பாத்திரத்தை வைத்து ஒரு வரிசை நடத்திக்கொண்டிருந்தது. அதை உருவாக்கிய எழுத்தாளர் லெஸ்லி சார்ட்டரிஸ். அவர் பிறந்தது சிங்கப்பூரில் என்பது இங்கே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். சீனத் தந்தை, ஆங்கிலேயத் தாய். ஐந்து படங்களில் செயிண்டாக நடித்தவர் யார் தெரியுமா? நம்முடைய அதே ஜார்ஜ் சாண்டர்ஸ். எழுத்தாளருக்கும் நிறுவனத்துக்கும் ஒத்துப்போகவில்லை. நிறுவனம் சண்டையெல்லாம் போடவில்லை. மைக்கேல் ஆர்லன் எழுதிய ஒரு சிறுகதையின் உரிமையை வாங்கியது. அந்தக் கதையில் ஃபால்கன் என்பது ஆளின் குடும்பப் பெயர். படத்தில் அதைப் பட்டப்பெயராக்கி, ஆளுக்கு கே லாரன்ஸ் என்று வேறு பெயர் வைத்தார்கள். அப்புறம் என்ன? அதே சாண்டர்ஸ், அதே கோட்டு சூட்டு, அதே அலட்சியப் பேச்சு. செயிண்ட் படங்களில் கதாநாயகியாக வந்த வெண்டி பாரியையும் கூடவே கூட்டிவந்துவிட்டார்கள். வாடகை வீட்டைக் காலி செய்து பக்கத்து வீட்டுக்குப் போவதுபோலத்தான். சார்ட்டரிஸ் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? வழக்குப் போட்டார். அதோடும் விடாமல், தன் நாவல் ஒன்றில் ஒரு பாத்திரத்தின் வாயால் ஃபால்கனை மட்டமான நகல் என்று குத்தவும் செய்தார். ரோசக்கார மனிதர்.

இதைவிடச் சுவையான கதை ஒன்று இருக்கிறது. ரேமண்ட் சாண்ட்லரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஃபிலிப் மார்லோ என்ற துப்பறிவாளனைப் படைத்தவர். அவருடைய இரண்டாவது நாவல் ‘ஃபேர்வெல், மை லவ்லி’ 1940இல் வந்தது. அதன் திரைப்பட உரிமையை ஆர்.கே.ஓ. 2,000 டாலருக்கு வாங்கியது. சாண்ட்லர் நாவல் ஒன்று படமானது அதுதான் முதல் தடவை. ஆனால் மார்லோவைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்! லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கும் கதையை நியூயார்க்குக்கு மாற்றி, மார்லோ இருந்த இடத்தில் ஃபால்கனை நிறுத்தி, 1942இல் ‘தி ஃபால்கன் டேக்ஸ் ஓவர்’ என்று வெளியிட்டார்கள். ‘ஃபால்கன் பொறுப்பேற்கிறான்’ என்கிறது தலைப்பு. இதைவிட நேர்மையான தலைப்பை யாரும் வைத்திருக்க முடியாது.

அந்தப் படத்தை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். விநோதமான படம். சிறையிலிருந்து வந்து பழைய காதலியைத் தேடி அலையும் முரட்டு ஆளாக வார்ட் பாண்ட் நடித்திருப்பார். அவர் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும்போது நமக்கே கொஞ்சம் உதறும். அடுத்த காட்சியில் ஃபால்கனின் எடுபிடி கோல்டி வந்து அசட்டு ஜோக் அடிப்பான். கோல்டியாக நடித்த ஆலன் ஜென்கின்ஸ் நல்ல நடிகர்தான், அவரைக் குறை சொல்லவில்லை. இரண்டு வெவ்வேறு படங்களின் சுருள்களை யாரோ மாற்றி ஒட்டிவிட்டதுபோல இருக்கும்.

அதே 1942இல் ஃபாக்ஸ் நிறுவனமும் இதே வேலையைச் செய்தது. சாண்ட்லரின் இன்னொரு நாவலை வாங்கி, தங்கள் சின்னப் படங்களின் துப்பறிவாளன் மைக்கேல் ஷேனுக்குப் போட்டுவிட்டது. திரையில் முதல் இரண்டு சாண்ட்லர் கதைகளிலும் மார்லோ இல்லை. சொந்தக்காரனை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே பந்தி நடக்கிறது.

சரி, மார்லோ எப்போது வந்தார்? 1944இல். அதே ஆர்.கே.ஓ., அதே நாவலை மறுபடியும் எடுத்தது. உரிமை ஏற்கெனவே பெட்டியில் இருந்ததே! இந்தத் தடவை பெரிய படமாக எடுத்தார்கள். டிக் பவல் மார்லோவாக நடித்தார். அதுவரை அவர் பாட்டுப் பாடும் நாயகன். அதனால் நாவலின் பெயரிலேயே படத்தை முதலில் வெளியிட்டபோது, இதுவும் ஒரு பாட்டுப் படம் என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள். பெயரை மாற்ற வேண்டியதாகிவிட்டது. கறுப்புப் படங்கள் (ஃபிலிம் நுவார்) என்று பிற்பாடு கொண்டாடப்பட்ட, இருளும் குற்றமும் நிறைந்த வகையில் அது முக்கியமான படம். இயக்கியவர் எட்வர்ட் டிமிட்ரிக். அதற்கு முந்தைய வருடம் அவர் எதை எடுத்துக்கொண்டிருந்தார்? ‘தி ஃபால்கன் ஸ்டிரைக்ஸ் பேக்’.

இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். நிலையான வாடகைக் கணக்கில் இயக்குநர்களுக்கு ஒரு லாபம் இருந்தது. பணமும் நாளும் எல்லை தாண்டாதவரை மேலே இருப்பவர்கள் அதிகம் எட்டிப்பார்ப்பதில்லை. பெரிய படத்தில் ஒரு நிழல் கூடுதலாக விழுந்தால் நட்சத்திரத்தின் முகம் தெரியவில்லை என்று தகராறு வரும். சின்னப் படத்தில் நிழல் என்பது சிக்கனம். படப்பிடிப்பு அரங்கம் பாதிதான் இருக்கிறதா? மீதியை இருட்டாக்கிவிடு. 1945இல் ஒரு ஃபால்கன் படம் எடுத்த ஜோசப் எச். லூயிஸ், 1946 ஃபால்கன் படம் ஒன்றில் நடித்த ஜேன் கிரீர், அதே படத்தில் இரவு வானொலி அறிவிப்பாளராக வந்து வயிற்றைக் கலக்கும் எலிஷா குக் என்று இந்தப் பக்கம் தலைகாட்டிப் போனவர்கள் நிறையப் பேர். ஜேன் கிரீர் அடுத்த வருடமே ‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’ என்ற கறுப்புப் படத்தில் ஆளை மயக்கிக் கவிழ்க்கும் நாயகியாக வந்தார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சீன வேலைக்காரரை, கறுப்பின வேலைக்காரரை வைத்து வரும் நகைச்சுவை இன்று நெளியவைக்கிறது. பெண்களில் பாதிப் பேர் சந்தேகப்படுவதற்காகவே படைக்கப்பட்டவர்கள். கொலையாளி யார் என்று கண்டுபிடிக்கும் தர்க்கத்தைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தால் நிற்காது. அதனால் எழுதிப் பார்க்காதீர்கள்.

இப்போது நம் படத்துக்கு வருவோம். நான்கு படம் முடிவதற்குள் சாண்டர்ஸுக்குச் சலித்துவிட்டது. நான்காவதுதான் இன்றைய படம். அவர் விலகப்போகிறார், ஆனால் வரிசை ஓடிக்கொண்டிருக்கிறது. வேறொரு நடிகரை அதே பெயரில் கொண்டுவந்திருக்கலாம், பலரும் அதைத்தான் செய்தார்கள். ஆர்.கே.ஓ. செய்தது வேறு. நிஜ அண்ணனைக் கூப்பிட்டு, கதையிலும் டாம் என்றே பெயர் வைத்து, படத்தின் பெரும்பகுதியில் கே லாரன்ஸை நினைவில்லாமல் படுக்கவைத்து, கடைசியில் ஒரு லத்தீன் அமெரிக்க ராஜதந்திரியைக் காப்பாற்றும்போது குண்டடிபட்டுச் சாகவைத்துவிட்டார்கள். போர்க்காலம் அல்லவா, சுடுகிறவர்கள் நாஜிகளின் ஆட்கள். முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபப்படாதீர்கள். இதுபோன்ற படத்தில் என்ன நடக்கிறது என்பதற்காக யாரும் உட்கார்வதில்லை. எப்படி ஆளை மாற்றுகிறார்கள் என்பதைப் பாருங்கள்.

இதற்குப் பிறகு ஒன்பது படங்களில் கான்வேதான் ஃபால்கன். என் கணக்கில் அவர்தான் மேல். சாண்டர்ஸ் திரையில் இருக்கும்போது, இந்தப் படத்தில் நான் ஏன் மாட்டிக்கொண்டேன் என்ற முகத்தோடு இருப்பார். அதுவும் அழகுதான். கான்வேயிடம் அந்த ஏளனம் இல்லை, கொஞ்சம் மென்மை இருக்கிறது. எதிரில் பேசுபவரைக் கவனிக்கிறார். துப்பறிவாளனுக்கு அது வேண்டாமா?

கான்வேயையும் நிறுவனம் சும்மா விடவில்லை. அதே வளாகத்தில் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளர் மலிவான திகில் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். ‘கேட் பீப்பிள்’ என்ற 1942 படத்தில் கான்வே ஒரு மனநல மருத்துவர், டாக்டர் ஜட். அந்தப் படத்தில் வரும் மாடிப்படி, இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் தன் பெரிய படம் ஒன்றுக்காகக் கட்டவைத்தது. கட்டியதை இடிப்பானேன்? டாக்டர் ஜட் அந்தப் படத்தில் செத்துப்போகிறார். அடுத்த வருடம் லூட்டனின் இன்னொரு படத்தில் அதே பெயரோடு கான்வே மருத்துவராக வந்து நிற்கிறார், விளக்கம் எதுவும் இல்லை. ஆர்.கே.ஓ.வில் செத்தவர்களுக்கும் விடுமுறை கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்தது 1944இல் வந்த ‘தி ஃபால்கன் இன் ஹாலிவுட்’. அரங்கம் போடவே வேண்டாம் என்று முடிவு செய்து, சினிமா ஸ்டுடியோவிலேயே கொலையை வைத்துவிட்டார்கள். விளக்குகள், பொருட்கள் அடுக்கிய அறை, வெறும் முகப்பு மட்டும் உள்ள தெருக்கள் என்று வளாகத்தில் இருந்ததெல்லாம் கதைக்குள் வந்துவிட்டது. வேடா ஆன் போர்க் ஒரு வாயாடி டாக்சி ஓட்டுநராக வந்து படத்தையே தூக்கிக்கொண்டு போவார். கொலைக்குக் காரணம் என்ன தெரியுமா? ஒரு தயாரிப்பாளர் தன் படத்தின் பங்குகளை நூறு சதவீதத்துக்கு மேல் பலரிடம் விற்றுவிட்டார். படம் ஓடினால் மாட்டிக்கொள்வார். அதனால் படம் உருப்படக் கூடாது. நிலையான வாடகைக்காகப் படம் எடுத்தவர்கள் யோசித்த குற்றம் இது! வாழ்நாளெல்லாம் கணக்குப் பார்த்தவர்களுக்குத்தான் இப்படித் தோன்றும்.

1946இல் ஆர்.கே.ஓ. இந்த வரிசையை நிறுத்தியது. அதன்பின் வேறொரு சின்ன நிறுவனம், ஜான் கால்வர்ட் என்பவரை வைத்து மூன்று படம் எடுத்தது. பெயர் மட்டும் ஃபால்கன், ஆள் வேறு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சாண்டர்ஸ் 1950இல் நடித்த ‘ஆல் அபவுட் ஈவ்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். அண்ணனுக்கு அந்தப் பக்கம் கதவு திறக்கவில்லை. பாசில் ராத்போன் விலகிய பிறகு வானொலியில் ஷெர்லாக் ஹோம்ஸாகப் பேசினார். அங்கேயும் இன்னொருவர் விட்டுப்போன நாற்காலிதான். அப்புறம் குடி. 1965இல் லாஸ் ஏஞ்சல்ஸின் வெனிஸ் பகுதியில், மலிவு வாடகை அறை ஒன்றில் கையில் காசில்லாமல் இருந்தவரைப் பத்திரிகைகள் கண்டுபிடித்தன. 1967 ஏப்ரலில் இறந்தார். அதே வருடம் அக்டோபரில் டிஸ்னியின் ‘தி ஜங்கிள் புக்’ வெளியானது. ஷேர்கான் புலிக்குக் குரல் கொடுத்தவர் தம்பி. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட அந்தக் குரல் தெரியும்.

அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒன்று மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன். படத்தின் ஆரம்பத்தில் அண்ணனை வரவேற்கத் தம்பி துறைமுகத்துக்குப் போவார். உங்கள் சகோதரர் இறந்துவிட்டார் என்று அங்கே அவரிடம் சொல்வார்கள். அப்போது சாண்டர்ஸின் முகத்தைப் பாருங்கள். விளக்கை அணைக்கலாம்.