வாசலைத் தாண்டியதும் குட்டி ஏன் கேட்பதில்லை?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக்குள் ‘உட்கார்’ என்றால் உட்கார்ந்து, ‘வா’ என்றால் ஓடி வரும் நாய்க்குட்டி, வாசற்படியைத் தாண்டித் தெருவில் இறங்கியதும் நம் குரலே காதில் விழாததுபோல் நடந்துகொள்வது ஏன் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நாய் வளர்ப்பவர்கள் பலர் இந்தக் கேள்வியை, ‘குட்டிக்குத் திமிர் ஏறிவிட்டது’ என்ற குறையோடு சேர்த்தே கேட்கிறார்கள். அது திமிர் அன்று. அந்தப் பாடத்தைத் தெருவில் நாம் இன்னும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

நாய் ஒரு சொல்லை, அதைக் கேட்ட இடத்தோடும் சூழலோடும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. கூடத்தில், மின்விசிறிக்கு அடியில், உங்கள் கையில் பிஸ்கட் இருக்கும்போது பழகிய ‘உட்கார்’, தெருமுனையில் ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே அதற்கு ஏறக்குறையப் புதிய சொல். ஆகவே ஒவ்வொரு புதிய இடத்திலும் பாடத்தைத் தொடக்கத்திலிருந்து, ஆனால் முன்னைவிட விரைவாக, மீண்டும் நடத்த வேண்டியிருக்கிறது.

நம் தென்மாவட்டத்துச் சிப்பிப்பாறை, கன்னி இனக் குட்டிகளை வளர்ப்பவர்கள் இதைக் கூடுதலாகவே உணர்வார்கள். இவை முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்டவை. தொலைவில் அசையும் ஒன்றைக் கண்ணால் கண்ட கணத்தில், உரிமையாளரின் சொல்லுக்குக் காத்திராமல் பாய வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அப்படிப்பட்ட குட்டி, ஓடும் அணிலையோ ஆட்டையோ கண்டு நம்மை மறந்துவிடுவது அதன் பிறவிக் குணம். ‘நாட்டு நாய்க்குப் பயிற்சி ஏறாது’ என்று சொல்லி அதைக் கைவிடுபவர்களைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஏறும், தொலைவைக் கையாளத் தெரிந்தால் போதும்.

தொலைவு என்று நான் சொல்வது இதைத்தான். தெருவில் ஓர் ஆடு நிற்கிறது என்றால், குட்டி அதைப் பார்க்கவும் வேண்டும், அதே நேரம் உங்கள் கையிலிருந்து ஒரு துண்டு கறியை வாங்கித் தின்னவும் வேண்டும். அந்த இரண்டும் நடக்கும் தொலைவில் நின்று பயிற்சியைத் தொடங்குங்கள். எப்போதும் ஆசையோடு தின்னும் குட்டி, நீட்டிய கறியைத் திரும்பியும் பாராமல் ஆட்டையே வெறித்தால், நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். அங்கே நின்று அதட்டுவதில் பயன் இல்லை. பத்தடி பின்வாங்குங்கள், வேண்டுமானால் தெருவின் மறுமுனைக்கே செல்லுங்கள். ஆட்டைப் பார்த்த குட்டி தானாகவே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும் தருணம் ஒன்று வரும். அதை உடனே பாராட்டிக் கறியைக் கொடுங்கள். பயிற்சி உண்மையில் தொடங்குவது அந்தப் பார்வையில்தான். அது எளிதாக வரத் தொடங்கிய பிறகு சில அடிகள் முன்னேறலாம். கூடத்திலிருந்து முற்றம், அடுத்து விடியற்காலைச் சந்து, வெகு நாள் கழித்தே மாலை நேரக் கடைத்தெரு என்று இடத்தையும் படிப்படியாக மாற்றுங்கள்.

வெளியில் காய்ந்த பிஸ்கட் போட்டிக்கு நிற்காது. எலும்பில்லாத வேகவைத்த கோழிக்கறியை, வெங்காயம், மசாலா சேர்க்காமல், விரல்நக அளவுக்குக் கிள்ளி எடுத்துச் செல்லுங்கள். கூப்பிட்டதும் வந்த குட்டிக்கு அதைக் கொடுத்துவிட்டு, மறுபடியும் மோப்பம் பிடிக்க விட்டுவிடுங்கள். வந்தவுடன் கயிற்றை மாட்டி வீட்டுக்கு இழுத்துச் சென்றால், ‘வா’ என்றால் விளையாட்டு முடிந்தது என்று அது கற்றுக்கொண்டுவிடும். எவ்வளவு தாமதமாக வந்தாலும், வந்த குட்டியைத் திட்டவோ அடிக்கவோ கூடாது. ஒரு முறை மட்டும் அழையுங்கள்; வரவில்லையென்றால் கத்திக்கொண்டே இருக்காமல், நீங்கள் எதிர்த்திசையில் ஓடிப் பாருங்கள், பெரும்பாலும் பின்னால் ஓடி வரும். ஐந்து முதல் பத்து மீட்டர் நீளமுள்ள கயிற்றை, கழுத்துப்பட்டையில் அன்றி மார்புப்பட்டையில் கட்டிப் பழக்குவது பாதுகாப்பானது. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

குட்டி உலகத்தை அச்சமின்றி ஏற்கப் பழகும் காலம் ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை. ஆனால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் பார்வோ போன்ற நோய்களுக்கான தடுப்பூசிகள் பொதுவாகப் பதினாறு வாரம் வரை தொடர்கின்றன, பார்வோக் கிருமியோ மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே அதுவரை குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாதத்தில் மறவாமல் போடுங்கள்.

இன்னொன்றையும் எதிர்பார்த்திருங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு, நன்றாகப் பழகிய குட்டியும் திடீரென்று கேட்காததுபோல் தோன்றும். பிரிட்டனில் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளைப் பற்றி 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து மாத வயதில் இருந்ததைவிட எட்டு மாத வயதில் அவை தம்மை வளர்ப்பவரின் ‘உட்கார்’ என்ற கட்டளைக்குக் குறைவாகவே பணிந்தன. அந்நியர் சொன்னபோது அப்படி நேரவில்லை. இது வளரிளம் பருவத்தின் போக்கு, கடந்துவிடும். அந்த மாதங்களில் அடிக்காமல், அதட்டாமல், தொலைவைக் கூட்டுங்கள், அமைதியான சந்துக்கே திரும்புங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாயாக இருந்தால், எவ்வளவு பழகிய பின்பும் சுற்றுச்சுவர் இல்லாத இடத்தில் நீளக் கயிற்றைக் கழற்ற வேண்டாம் என்றே நான் சொல்வேன். நன்றி, வணக்கம்.