பொய் சொல்லும் அரசனும் பூட்டிய கூடங்களும்

(பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சந்திரஹரி’யைப் பாட்டு நாடகமாக மேடையேற்ற முனைந்திருக்கும் மதுரை அமெச்சூர் குழு ஒன்றின் ஒத்திகைத் தொடக்க விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவே குறித்த நேரத்துக்கு முன்பே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, பணி ஓய்வுக்குப் பிறகும் இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துவரும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஒலிபெருக்கியை வாடகை வாங்காமல் தந்து உதவிய அன்பர் அவர்களே, இந்த மேடையில் யாரை முதலில் வணங்க வேண்டுமோ அவரைக் கடைசியாக வணங்குவதற்குப் பொறுத்தருள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, ஐம்பது ஆண்டுகளாக ஸ்பெஷல் நாடக மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துவரும் எங்கள் பெரியவர் ஐயா அவர்களே, நடிக்கப்போகும் தம்பிமார்களே, தங்கைமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சென்ற மழைக்காலத்தில் நம் தெருவில் தண்ணீர் தேங்கியபோது இரவு நேரத்தில் தாமே வந்து நின்று வடிகாலைத் திறந்துவிட்டவர் அவர். அடைபட்டதைத் திறந்துவிடும் கை அவருக்கு இருக்கிறது. அதை நான் ஏன் இங்கே சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

நான் எந்த மேடையில் ஏறினாலும் ஒரு பழமொழியைச் சொல்லாமல் இறங்குவதில்லை. “பாடப் பாட ராகம், மூட மூட ரோகம்.” இதைப் பாட்டுப் பயிற்சிக்காகச் சொன்னார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அது ஊர் நிர்வாகத்துக்கும் சேர்த்துச் சொன்னதாகத்தான் படுகிறது.

இன்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, சிரிப்பு நாடகத்துக்குப் பாட்டு எதற்கு என்பது. இரண்டு, அந்தப் பாட்டுக்கு மேடையோரத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பது. மூன்று, பாடி நடிக்கும் பெண்களை இத்தகைய குழுக்கள் எப்படி வரவேற்க வேண்டும் என்பது.

முதலில் நாடகத்தைப் பற்றி. பொய்யே சொல்லாத அரிச்சந்திரன் கதையை இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மயான காண்டம் விடிய விடிய நடந்த ஊர்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. அந்தக் கதையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டு, உண்மையே பேசாத ஓர் அரசனைப் படைத்தார் சம்பந்த முதலியார். 1941-ல் என்.எஸ்.கிருஷ்ணன் நடித்து அது திரைப்படமாகவும் வந்தது. அரிச்சந்திரனுக்காக அழுதவர்களால்தான் சந்திரஹரியைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்க முடியும். அழுகையின் ஒவ்வொரு கட்டமும் மனப்பாடமாக இருக்கிற மக்களுக்காக எழுதப்பட்ட சிரிப்பு அது.

சம்பந்த முதலியார் யார்? 1891 ஜூலை 1-ஆம் நாள் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழு தொடங்கப்பட்டபோது அவருக்கு வயது 18. பல்லாரி கிருஷ்ணமாச்சாரியார் குழுவினரின் தெலுங்கு நாடகத்தைப் பார்த்து, படித்தவர்களும் மேடையேறி நடிக்கலாம் என்ற துணிவைப் பெற்றவர். பிறகு வழக்கறிஞரானார், நீதிபதியும் ஆனார், நடிப்பை விடவில்லை. அவர் சபையில் வழக்கறிஞர்கள் நடித்தார்கள், அலுவலர்கள் நடித்தார்கள். தீரர் சத்தியமூர்த்தி நடித்தார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே.சண்முகம் செட்டியார் நடித்தார். பகலில் பிழைப்பு, மாலையில் வேடம். நம் குழுவிலும் வங்கி எழுத்தர் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் தம்பி இருக்கிறார், ஆட்டோ ஓட்டும் தம்பி இருக்கிறார். இவர்கள் அந்தப் பரம்பரையின் நேர் வாரிசுகள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒன்று. சம்பந்த முதலியார் வசனத்தை வளர்த்தவர். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்து பாட்டைக் குறைத்தவர். பாட்டின் பக்கம் நின்றவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1918-ல் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கி, வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று நமக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுப் போனவர். சென்னையின் வசனத்தையும் மதுரையின் பாட்டையும் ஒரே மேடையில் சேர்க்கிறேன் என்று கிளம்பியிருக்கிறார்கள் இந்தப் பிள்ளைகள். பெரிய ஆசைதான். இயக்குநர் தம்பி என்னிடம் வந்து, “ஐயா, எல்லாப் பொய்யும் பாட்டாகவே இருக்கப் போகிறது” என்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏன் சிலிர்த்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. சற்று நீளமான கதை. தலைவர் ஐயா மணியடிக்க மாட்டார் என்று நம்பிச் சொல்கிறேன்.

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மாரியம்மன் திருவிழா. வள்ளி திருமணம் நாடகம். நான் அப்போது இளைஞன். பெரியவர் ஐயாவின் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போவேன். ஸ்பெஷல் நாடகம் என்றால் உங்களுக்குத் தெரியும். கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், கதாநாயகியான ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், சிரிக்கவைக்கும் பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அன்று எல்லோரும் வந்துவிட்டார்கள். ராஜபார்ட் மட்டும் வரவில்லை. முருகன் இல்லாமல் வள்ளிக்கு எப்படித் திருமணம் செய்வது?

பபூன் வந்தார், வழக்கம்போலப் பாடினார், ஆடும் பெண் வேடமான டான்ஸ் வந்தது, இருவருக்கும் சண்டைப் பாட்டு நடந்தது, முடிந்தது. ராஜபார்ட் வரவில்லை. முன்வரிசையில் விழாக் கமிட்டிக்காரர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “எங்கேய்யா முருகன்?” என்றார். பபூன் கொஞ்சமும் அசரவில்லை. “முருகன் பழனியிலிருந்து கிளம்பிவிட்டார், ஒட்டன்சத்திரத்தில் பஸ் டயர் வெடித்துவிட்டது” என்று பாட்டாகவே எடுத்தார். ஐயா மோகனத்தில் பின்பாட்டுப் பாடித் தாங்கிப் பிடித்தார். கூட்டம் சிரித்தது. அரை மணி போயிற்று. மறுபடியும் கமிட்டிக்காரர் எழுந்தார். இந்த முறை பபூன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “முருகனுடைய மாமியாருக்கு உடம்பு சரியில்லை” என்று முகாரியில் உருக ஆரம்பித்தார். வள்ளிக்கே இன்னும் கல்யாணம் ஆகவில்லையே, மாமியார் எங்கிருந்து வந்தாள் என்று ஒருவர் கத்தினார். “இது தெய்வானை வீட்டு மாமியார்” என்றார் பபூன், சுதி விலகாமல்.

அப்போது பெரியவர் ஐயா என்ன செய்தார் தெரியுமா? முகாரியில் அழுதுகொண்டிருந்தவருக்குப் பின்னால், ஆர்மோனியத்தைச் சட்டென்று செஞ்சுருட்டிக்குத் திருப்பிவிட்டார். பபூன் அழுகிறார், பெட்டி துள்ளுகிறது. வாய் ஒன்று சொல்கிறது, ராகம் “பொய், பொய்” என்று காட்டிக்கொடுக்கிறது. பபூன் திரும்பி ஐயாவை முறைத்தார். ஐயா மேலே பந்தலைப் பார்த்தார். பல ஓசைக் கருவிகளைச் சேர்த்து ஆல்ரவுண்டு வாசித்தவர் சரியான இடத்தில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டுக்கு எழுந்த சிரிப்பு அடுத்த ஊர்வரைக்கும் கேட்டிருக்கும். அதன் பிறகு பபூன் சொன்ன ஒவ்வொரு பொய்யையும் ஆர்மோனியம் கவிழ்த்துக்கொண்டே வந்தது. ஒரு பாட்டி எழுந்து தாலாட்டு மெட்டில் பபூனுக்குப் பதிலே பாடிவிட்டார். நள்ளிரவு தாண்டி ராஜபார்ட் கையில் பெட்டியோடு கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தபோது, பபூன் அவரை மேடைக்கு விடவில்லை. “நின்ற இடத்திலிருந்தே தாமதத்துக்குக் காரணம் பாடு” என்றார். அவரும் மூச்சு வாங்கிக்கொண்டே விருத்தம் எடுத்தார். கூட்டம் விலகி வழிவிட, பாடிக்கொண்டே மேடை ஏறினார். இதெல்லாம் நாடகத்திலேயே இருக்கிறது என்று ஊரார் நினைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு தேதி கேட்க வந்த கமிட்டிக்காரர், “முருகன் தாமதமாக வரும் காட்சி கட்டாயம் வேண்டும்” என்று சொல்லித்தான் முன்பணம் கொடுத்தார்.

ஐயா சிரிக்கிறார், பாருங்கள்.

இப்போது சொல்லுங்கள், சந்திரஹரியின் பொய்களுக்குப் பாட்டு எதற்கு? வசனத்தில் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிக்க இன்னொரு பாத்திரம் வர வேண்டும். பாடும் பொய்யை ராகமே காட்டிக்கொடுத்துவிடும். அரசன் வாயைத் திறந்த கணத்திலேயே பார்க்கிறவர்களுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது, மந்திரிக்குத்தான் தெரியாது. சிரிப்பு பிறக்கும் இடம் அதுதான்.

அந்தத் திருப்பத்தைப் பதிவு செய்த இசைத்தட்டால் செய்ய முடியுமா? முடியாது. நடிகர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், கூட்டம் எத்தனை நேரம் சிரிக்கும் என்று பதிவுக்குத் தெரியாது. சிரிப்பு அடங்குமுன் அடுத்த அடி ஓடிவிடும். நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பா மைக் இல்லாத காலத்தில் அந்த உச்சத்தில் பாடினார் என்றால், பக்கத்தில் அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியத்தோடு இருந்தார். அந்த வாத்தியத்துக்கும் ஒரு கெட்ட காலம் வந்தது. 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. சுரங்களை வளைத்து அசைக்கும் கமகம் வராது, அயல் வாத்தியம் என்று காரணம் சொன்னார்கள். 1971-ல்தான் தடை தளர்ந்தது. முப்பது ஆண்டு மூடி வைத்தார்கள். மூட மூட ரோகம்! அந்த முப்பது ஆண்டும் ஆர்மோனியத்தைக் காப்பாற்றியது நாடகக் கொட்டகையும் பஜனை மடமும்தான்.

ஆனால் ஆர்மோனியத்தைக் காப்பாற்றிய கொட்டகையை இன்று யார் காப்பாற்றுவது? நான் வந்த காரியமே இதுதான்.

வசன நாடகத்தை ஒரு வீட்டின் முன்னறையில் ஒத்திகை பார்த்துவிடலாம். பாட்டு நாடகத்தை அப்படி ஒத்திகை பார்க்க முடியாது. அரசன் ஒரு பொய்யைப் பாடினால் சபையே எதிரொலித்துப் பாட வேண்டும். அதற்கு ஒரு கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டம் ஆட வேண்டும். ஆடுவதற்கு மேடையின் அகலம், ஆழம் எல்லாம் கோடு போட்டுப் பழக வேண்டும். இந்தப் பிள்ளைகள் எங்கே பழகுகிறார்கள் தெரியுமா? ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில். எட்டு மணிக்கு மேல் மிருதங்கம் வாசித்தால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை விழித்துக்கொள்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியுமா? மழை வந்தால் ஒத்திகை இல்லை. ஒரு மண்டபத்தில் முன்பணம் கட்டினோம். கடைசி நேரத்தில் முகூர்த்தம் வந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். திரும்ப வாங்கப் பல நாள் அலைந்தோம்.

அதே வேளையில், நம் பகுதிகளில் மாநகராட்சிப் பள்ளிகள் இருக்கின்றன. சிலவற்றில் மேடையோடு கூடிய அரங்கமே இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குப் பூட்டினால் மறுநாள் காலைவரை அதில் பல்லிதான் பாடுகிறது. ஓர் அரங்கத்தின் திரைச்சீலையைப் போய்ப் பார்த்தேன். தொட்டால் உதிர்கிறது. பழைய பெஞ்சுகள் மேடைமேல் கவிழ்த்துக் கிடக்கின்றன. நம் வரிப்பணத்தில் எழுந்த மேடை அது. நெஞ்சு பதறுகிறது எனக்கு.

முடியாத காரியமா இது? நம் ஊர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் விக்டோரியா எட்வர்டு மன்றம் இருக்கிறது. பகலில் நூலகமாகவும், பொழுது சாய்ந்தால் ரீகல் திரையரங்காகவும் எத்தனை தலைமுறைக்குப் பயன்பட்டது! ஒரே கட்டடத்துக்கு இரண்டு வேலை கொடுப்பதை மதுரைக்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பகலில் பிள்ளைகள் படிக்கட்டும். மாலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை நாடகக்காரர்களுக்குத் திறந்துவிடுங்கள். இலவசமாகக் கேட்கவில்லை. மின்கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம். காவலருக்குக் கூடுதல் நேரத்துக்கான ஊதியத்தை நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம். ஒவ்வொரு குழுவும் பெயர் பதிவு செய்து, வைப்புத்தொகை கட்டி, இடத்தைப் பெருக்கி ஒப்படைக்க வேண்டும் என்று விதி போடுங்கள்; கையெழுத்துப் போடுகிறோம். தேர்வு மாதங்களில் வேண்டாம் என்றால் வரமாட்டோம். ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களுக்கும் அதே அரங்கத்தைத் தாருங்கள். பெரியவர் ஐயா அங்கே வாரம் ஒரு மாலை ஆர்மோனியம் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தப் பள்ளிப் பிள்ளைகளே அவரிடம் கற்றுக்கொள்ளட்டும். அவர் கையிலிருக்கும் வித்தை அவரோடு போய்விடக் கூடாது. பாடப் பாட ராகம் என்பது நடைமுறைக்கு வர ஒரு கூடத்தின் சாவி தேவைப்படுகிறது.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். பெண்கள் பாடி நடிப்பதைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். மேடையில் பாடி நடித்த கே.பி.சுந்தராம்பாள் பிறந்த நாட்டில் அதற்கென்று தனி மேடையே போட வேண்டும், போடுவோம். இன்றைக்குச் சாவி முக்கியம்.

மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களுக்கு என் பணிவான வேண்டுகோள். அடுத்த மாமன்றக் கூட்டத்தில் இந்தப் பகுதியின் ஒரே ஒரு பள்ளி அரங்கத்தைச் சோதனையாகத் திறந்துவிட ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். ஒரே ஒரு பள்ளி போதும். சந்திரஹரி முதல் காட்சிக்கு முன்வரிசையில் உங்களுக்கும் தலைமையாசிரியர் ஐயாவுக்கும் நாற்காலி போட்டு வைக்கிறோம்.

மனு வாசலுக்குப் பக்கத்தில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்தோடு முகவரியையும் தெளிவாக எழுதுங்கள். முகவரி இல்லாவிட்டால் கணக்கில் எடுக்க மாட்டார்கள். தேநீர் குடித்துவிட்டுப் போடலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அம்மா எட்டு மணிக்குப் புறப்படுகிறார்கள். அதற்குள் அவர்கள் கையில் கொடுத்தாக வேண்டும். நன்றி, வணக்கம்.