151 டாலர் அபராதம்

வணக்கம். பொதுநல வழக்கு என்றதும் பெரிய நீதிமன்றம், கறுப்பு அங்கி, நாட்டையே புரட்டிப் போட்ட தீர்ப்பு, இதெல்லாம்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கா என்றால் 1954 பிரவுன் வழக்கு. பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து வைத்தது செல்லாது என்று சொன்ன தீர்ப்பு. பெரிய வழக்குதான், சந்தேகமே இல்லை. ஆனால் நான் இன்று பேச வந்தது, ஒரு பெண் காரைத் தப்பான இடத்தில் நிறுத்திய கதையை.

மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸை ஒட்டி ஃபெர்குசன் என்று ஒரு சின்ன ஊர், அப்போது சுமார் 21,000 பேர். 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது கறுப்பின இளைஞரை அங்கே ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார், ஊரே தெருவுக்கு வந்தது. அதன் பிறகு மத்திய அரசின் நீதித் துறை அந்த ஊர்க் காவல் துறையையும் நகர நீதிமன்றத்தையும் அலசி, 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. நான் சொல்லும் பெண் அந்த அறிக்கையில் வருகிறார், பெயர் கிடையாது. 2007-ல் ஒரே ஒரு தடவை காரைத் தப்பாக நிறுத்தினார், 151 டாலர் அபராதம், அதற்கு மேல் கட்டணங்கள். கையில் காசில்லை, நடுவில் சில காலம் வீடும் இல்லை. வாய்தாவுக்கு வரவில்லை, தவணை கட்டவில்லை என்று புதுப்புதுக் குற்றச்சாட்டுகள் ஏறின, அபராதம் குட்டி போட்டது. இரண்டு முறை கைது, ஆறு நாள் சிறை. 25 டாலரும் 50 டாலருமாகக் கட்டப் பார்த்தார், முழுசாகக் கட்டினால்தான் வாங்குவோம் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 2014 கடைசியில் கணக்குப் பார்த்தால், 550 டாலர் கட்டி முடித்தும் பாக்கி 541 டாலர்!

இதை ஏழைப் பிரச்சினை என்பீர்களா, நிறப் பிரச்சினை என்பீர்களா? பிரிக்க முடியாது. ஊரில் கறுப்பினத்தவர் 67 சதவீதம், ஆனால் போலீஸ் மறித்த வண்டிகளில் 85 சதவீதமும் கைதானவர்களில் 93 சதவீதமும் அவர்கள்தான். நகராட்சிக்கு வருமானம் வேண்டும், அதனால் அபராத டிக்கெட் எழுதுவதைக் கூட்டுங்கள் என்று நிதி அதிகாரியே போலீஸ் தலைவருக்கு நெருக்கடி கொடுத்திருக்கிறார். இதில் எரிச்சலூட்டும் சங்கதி ஒன்று: அந்த ஊர் அதிகாரிகளே தங்களுக்கும் வேண்டியவர்களுக்கும் வந்த டிக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் ரத்து செய்துகொண்டார்களாம்.

சரி, சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பீர்கள். சட்டம் இருந்தது. 1983-லேயே, பியர்டன் என்பவரின் ஜார்ஜியா மாநில வழக்கில், கட்ட வழியில்லாதவரை அபராதம் கட்டாததற்காகவே சிறையில் தள்ளக் கூடாது, வசதி இருந்தும் ஏமாற்றுகிறாரா என்று முதலில் விசாரிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 30 வருஷம் கழித்தும் ஃபெர்குசனில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்க வைக்கும் ஆள் அங்கே இல்லை. 1963-ல் கிடியன் என்பவரின் வழக்கின் மூலம் ஏழைக்கும் அரசே தன் செலவில் வழக்கறிஞர் வைத்துத் தர வேண்டும் என்றானது, ஆனால் அது பெரிய குற்ற வழக்குகளுக்கு. வெறும் அபராதத்தோடு முடியும் வழக்கில் அந்த உரிமை கிடையாது. அபராதம் என்று உள்ளே போனவர் சிறையில் போய் முடிகிறார், பக்கத்தில் ஒருவரும் இல்லை.

ஒரு ஆளின் 541 டாலருக்காக எந்த வக்கீல் வழக்குப் போடுவார்? செலவுக்கே தேறாது. இங்கேதான் கூட்டு வழக்கு வருகிறது, ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட ஆயிரம் பேர் சார்பில் சிலர் மட்டும் முன்னால் நின்று தொடுப்பது. ஆனால் பாருங்கள், மத்திய அரசின் நிதி வாங்கும் சட்ட உதவி அலுவலகங்கள் கூட்டு வழக்கே போடக் கூடாது என்று 1996-ல் தடை போட்டுவிட்டார்கள். ஏழைக்கு வக்கீல் தருவோம், ஆனால் ஒவ்வொருவராகத்தான் வாதாட வேண்டும். பணத்தைக் கொடுத்துக் கையைக் கட்டிய ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதனால் இந்த வேலை தனியார் நிதியில் நடக்கும் அமைப்புகளின் தலையில் விழுந்தது. செயின்ட் லூயிஸில் ஆர்ச்சிட்டி டிஃபெண்டர்ஸ் அப்படி ஒன்று. அவர்களும் கூட நின்ற வக்கீல்களும் 2015-ல் ஃபெர்குசன் மீதும் பக்கத்து ஊரான ஜென்னிங்ஸ் மீதும் கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். ஜென்னிங்ஸ் அடுத்த வருஷமே சுமார் 47 லட்சம் டாலர் தர இறங்கி வந்தது. ஃபெர்குசன் விடாமல் இழுத்தது, ஒன்பது வருஷம். 2024-ல்தான் 45 லட்சம் டாலர் தர ஒத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிரித்தால் தலைக்குப் பெரிய தொகை ஒன்றும் வராது, ஒன்பது வருஷத்தில் வீடு மாறிப் போனவர்களை எப்படித் தேடிப் பிடிப்பது என்பது வேறு.

எனக்கு அந்தப் பணத்தைவிட, 2016-ல் நீதித் துறையோடு ஃபெர்குசன் செய்துகொண்ட உடன்படிக்கை முக்கியமாகப் படுகிறது. அபராதம் கட்டாதவரிடம், உன்னால் கட்ட முடியுமா என்று விசாரித்தாக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. 1983-லேயே கேட்டிருக்க வேண்டிய அதே கேள்விதான்.