டான்யூப் கரையின் பாலத் தூண்கள்

நேயர்களுக்கு வணக்கம். ருமேனியாவின் துர்னு செவெரின் நகரிலும், அதற்கு நேர் எதிரே செர்பியாவிலும், டான்யூப் ஆற்றின் இரு கரைகளில் நிற்கும் பழைய தூண்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ரோமப் பேரரசர் டிராஜனுக்காக, தமாஸ்கஸ் நகரத்துக் கட்டடக் கலைஞர் அப்பலோடோரஸ் கி.பி. 103 முதல் 105 வரை கட்டிய பாலத்தின் எச்சங்கள் அவை.

ஏறத்தாழ 1,135 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தை ஆற்றுக்குள் 20 தூண்கள் தாங்கின. சுழல்கள் நிறைந்த நீரிலும் சேறான அடித்தளத்திலும், ஆற்றைத் திசைதிருப்பவும் வழியில்லாத நிலையில், அவற்றை எப்படித்தான் ஊன்றினார்களோ என்று, ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ வியக்கிறார். தூண்களுக்கு மேலே மரத்தாலான வளைவுகள் இருந்தன. ரோமில் உள்ள டிராஜன் வெற்றித்தூணின் சிற்பத்தில் அவற்றை இன்றும் காணலாம்.

ஆற்றின் வடக்கே, இன்றைய ருமேனியப் பகுதியான டாசியாவில் இருந்த தம் படைகளுக்கு உடனே துணை அனுப்ப வேண்டும் என்பதே டிராஜனின் நோக்கம். அவருக்குப் பின் வந்த ஹாட்ரியனோ, அதே பாலத்தின் வழியே பகைவர் காவலை முறியடித்துத் தென்கரைக்கு வந்துவிடுவார்கள் என்று அஞ்சி, மேற்கட்டுமானத்தை அகற்றச் செய்தார். டியோவின் காலத்திலேயே யாருக்கும் பயன்படாமல் வெறும் தூண்களே நின்றன. ஓர் அரசின் துணிவும் அடுத்த அரசின் அச்சமும் ஒரே கட்டுமானத்தில் இவ்வளவு தெளிவாகப் பதிந்திருப்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், ஆற்றில் நீர் மிகவும் வற்றியபோது, 20 தூண்களின் எச்சங்களும் வெளியே தெரிந்தன. 1906-இல் கப்பல் போக்குவரத்துக்கு இடையூறு என்று கூறி இரண்டைத் தகர்த்தார்கள். பதினெட்டு நூற்றாண்டு வெள்ளங்களைத் தாங்கியவற்றுக்கு நேர்ந்த இந்த முடிவு என்னை இன்னும் வருத்துகிறது. 1932-இல் நீருக்கடியில் 16 இருந்தன. 1982-இல் ஆய்வாளர்களால் 12-ஐ மட்டுமே அடையாளம் காண முடிந்தது.

கப்பல் தடத்திலிருந்தும் நடு ஆற்றின் வேகத்திலிருந்தும் விலகியிருந்ததால்தான், கரையோரத்துக் கட்டுமானம் இந்த இழப்புகளுக்குத் தப்பியது. அங்கே செல்பவர்கள், கல்லும் செங்கல்லும் சாந்தும் சேர்ந்து இறுகியிருக்கும் அந்த ரோமானியக் கட்டுமானத்தைக் கரையில் நின்றபடியே அருகிலிருந்து பார்க்கலாம்.