ஜெனரலுக்கு நன்றாகப் புரிந்த நட்பு

வணக்கம் மக்களே. காற்று பலமாக அடிக்கிறது, குரல் சரியாகக் கேட்காவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். புளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் ஊரில், காஸ்டில்லோ தெ சான் மார்கோஸ் கோட்டை வாசலில் நிற்கிறேன். ஸ்பானியர்கள் கட்டியது. சுவரைக் கிட்டத்தில் காட்டுகிறேன் பாருங்கள், கல் முழுக்கச் சிப்பித் துண்டுகள். கொக்கீனா என்பார்கள். பீரங்கிக் குண்டு பட்டால் சுவர் பிளக்காது, குண்டு அப்படியே உள்ளே புதைந்துவிடும். சரி, நான் வந்தது சுவரைப் பார்க்க இல்லை. இந்தச் சுவரைத் தாண்டிப் போனவர்களைப் பற்றிப் பேச.

1837 நவம்பர் கடைசி. அப்போது இது அமெரிக்க ராணுவத்தின் சிறை. ஓர் இரவில் சுமார் 20 கைதிகள், உயரத்தில் இருந்த ஒரு சின்னத் திறப்பு வழியாக நெளிந்து வெளியேறி, கயிறு பிடித்து அகழியில் இறங்கிப் போய்விட்டார்கள். அதில் ஒருவர் கோவகூச்சி, செமினோல் பூர்வகுடித் தலைவர். வெள்ளைக்காரர்கள் அவரைக் காட்டுப்பூனை என்று பொருள்பட வைல்டு கேட் என்றார்கள். இன்னொருவர் ஜான் ஹார்ஸ், கறுப்பர். உடல் மெலிய வேண்டும் என்று பல நாள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்களாம். ஒரு மாதம்கூட ஆகவில்லை. கிறிஸ்துமஸ் அன்று ஓக்கிச்சோபி ஏரிக்கரையில் சாக்கரி டெய்லரின் படையை எதிர்த்து நின்றவர்களில் இவர்கள் இருவரும் இருந்தார்கள். அந்த டெய்லர் பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியாகவே ஆனார்.

ஒரு கறுப்பரும் ஒரு செமினோலும் எப்படி ஒரே அறையில் அடைபட்டார்கள்? அதற்குப் பின்னால் போக வேண்டும்.

வடக்கே கரோலினாவில் ஆங்கிலேயத் தோட்டங்கள். அங்கிருந்து ஓடிவரும் அடிமைகள் கத்தோலிக்கராக மாறினால் சுதந்திரம் என்று 1693இல் ஸ்பெயின் மன்னர் ஆணை போட்டார். ஸ்பெயினுக்கு அடிமைகள் மீது பாசம் பொங்கியது என்று நினைக்காதீர்கள், ஸ்பானியர்களும் அடிமைகளை வைத்திருந்தவர்கள்தான். ஆங்கிலேயரை எதிர்க்க ஆள் தேவைப்பட்டது. 1738இல் இந்தக் கோட்டைக்கு வடக்கே மூன்று கிலோமீட்டர் தூரத்தில் ஃபோர்ட் மோசே என்ற ஊர் உருவானது. இன்றைய அமெரிக்க மண்ணில் சட்டப்படி சுதந்திரமான முதல் கறுப்பர் குடியிருப்பு அதுதான். அதன் படைத் தலைவர் பிரான்சிஸ்கோ மெனன்டஸ், அவரும் கரோலினாவிலிருந்து தப்பி வந்தவர்.

அதே நூற்றாண்டில் கிரீக் இனத்தைச் சேர்ந்த பூர்வகுடிகள் பலர் வடக்கே இருந்து புளோரிடாவுக்குள் வந்து தனிச் சமூகமாகிறார்கள். அவர்கள்தான் செமினோல்கள். இந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஸ்பானிய மொழியில் சிமரோன் என்றால் கட்டை அவிழ்த்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிய மாடு, ஓடிப்போன ஆள். அந்தச் சொல் கிரீக் வாயில் திரிந்து செமினோல் ஆனது. தப்பி ஓடிய அடிமைகளுக்கு வழங்கும் மரூன் என்ற பெயரும் அதே சிமரோனிலிருந்து வந்ததுதான்.

அப்புறம் இருவரும் எப்படி வாழ்ந்தார்கள்? கறுப்பர்கள் பெரும்பாலும் தனி ஊர்களில், செமினோல் ஊர்களுக்குப் பக்கத்தில். சொந்தத் துப்பாக்கி, சொந்த ஆடுமாடு, சோளமும் நெல்லும் விளையும் வயல். விளைச்சலில் ஒரு பங்கு செமினோல் தலைவருக்கு. நம்மிடம் வாரம் என்போமே, கிட்டத்தட்ட அது மாதிரி. பேச்சில் ‘தலைவரின் அடிமைகள்’ என்றுகூடச் சொல்வது உண்டு. ஆனால் ஜார்ஜியா தோட்டத்து அடிமை வாழ்க்கைக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அதற்காகச் சமத்துவம் கொடிகட்டிப் பறந்தது என்றும் நான் சொல்ல மாட்டேன். மேல் கீழ் இருந்தது. ஆங்கிலம் தெரிந்த கறுப்பர்கள் மொழிபெயர்த்தார்கள், பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தார்கள். ஆபிரகாம் என்பவர் தலைவர் மிக்கனோபிக்கு மொழிபெயர்ப்பாளர், ஆலோசகர். இவர் இல்லாமல் பேச்சு நடக்காது என்ற நிலை.

தெற்கத்தித் தோட்ட முதலாளிகளுக்கு இந்த ஊர்கள் கண்ணில் விழுந்த தூசு. 1816இல் அப்பலாச்சிகோலா ஆற்றங்கரைக் கோட்டை ஒன்றில் கறுப்பர்கள் இருந்தார்கள். அமெரிக்கப் படகிலிருந்து வந்த பழுக்கக் காய்ச்சிய குண்டு வெடிமருந்துக் கிடங்கில் விழுந்து, 200க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட. 1821இல் புளோரிடா அமெரிக்கா கைக்கு வந்தது. 1830இல் பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தும் சட்டம். 1835 டிசம்பரில் இரண்டாம் செமினோல் போர் தொடங்கி, 1842 வரை நீண்டது. இங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் புலோ சர்க்கரை ஆலையின் இடிபாடு இருக்கிறது, 1836 ஜனவரியில் எரிந்தது. அந்தச் சமயத்தில் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து நூற்றுக்கணக்கான அடிமைகள் செமினோல்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

இந்தக் கூட்டணியை மிகச் சரியாகப் புரிந்துகொண்டவர் எதிரிப் படையின் தலைவர், ஜெனரல் தாமஸ் ஜெசப். 1836 கடைசியில் எழுதுகிறார்: இது இந்தியர்களின் போர் இல்லை, நீக்ரோக்களின் போர், சீக்கிரம் அடக்காவிட்டால் தெற்கில் உள்ள அடிமைகளிடம் இதன் விளைவு தெரியும் என்று. அதனால் அவர் வேலையெல்லாம் இருவரையும் பிரிப்பதில்தான். செமினோல் தலைவர் ஓசியோலா வெள்ளைக் கொடியோடு பேச வந்தபோது பிடிக்கச் சொன்னவரும் இவர்தான். 1838இல் கறுப்பர்களுக்கு ஆசை காட்டினார்: சரணடைந்தால் சுதந்திரம், மேற்கே போகலாம். ஜான் ஹார்ஸும் அந்த வருஷம் சரணடைந்தார். போய்ச் சேர்ந்த இடம் இன்றைய ஓக்லஹோமா. 1848இல் அரசின் தலைமை வழக்கறிஞர், ஜெசப் கொடுத்த வாக்கு செல்லாது என்று சொல்லிவிட்டார். அடிமை பிடிக்கிறவர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

மறுவருஷம் ஜான் ஹார்ஸும் கோவகூச்சியும் மறுபடி ஓடினார்கள். இந்தத் தடவை கூட்டத்தோடு, டெக்சாஸைக் கடந்து மெக்சிகோவுக்கு. மெக்சிகோ 1829லேயே அடிமைமுறையை ஒழித்த நாடு. கோவாய்லா மாநிலத்தில் நிலம் கிடைத்தது. பதிலுக்கு என்ன வேலை? எல்லையைத் தாண்டி வரும் அபாச்சி, கொமாஞ்சி மக்களோடு சண்டை போடுவது. ஆமாம், அவர்களும் பூர்வகுடிகள்தான். 1870க்குப் பிறகு ஒரு பகுதியினர் டெக்சாஸ் திரும்பி அமெரிக்க ராணுவத்துக்கே வழிகாட்டிகளாக அதே வேலையைச் செய்தார்கள். நான்கு பேருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. அவர்கள் எதிர்பார்த்திருந்த நிலம் கிடைக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் வீடியோ அழகாக முடியும். அப்படி முடிக்க எனக்கு மனசில்லை.

ஜெசப்பால் வாளை வைத்துப் பிரிக்க முடியாததைப் பிற்பாடு குமாஸ்தாக்களின் பேனா பிரித்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1866 உடன்படிக்கை, கறுப்பர்களுக்கும் செமினோல் தேசத்தில், அதாவது ஓக்லஹோமா செமினோல்களின் பூர்வகுடி அரசில், சம உரிமை என்றது. 1890களின் கடைசியில் டாஸ் கமிஷன் என்ற அரசுக் குழு வந்து பெயர்ப் பட்டியல் எழுதியது. ரத்தத்தால் செமினோல் என்று ஒரு பட்டியல், விடுதலை பெற்றவர்கள் என்று இன்னொன்று. ஆப்பிரிக்க வம்சம் தெரிந்தால் பெரும்பாலும் இரண்டாவதில் எழுதினார்கள், வீட்டில் செமினோல் பெற்றோர் இருந்தாலும். இரண்டாவது பட்டியலில், ஒருவருக்கு எத்தனை பங்கு செமினோல் ரத்தம் என்ற அளவே குறிக்கவில்லை.

அந்தப் பேனாக் கோடு இன்னும் அழியவில்லை. இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் மோல்ட்ரி கிரீக் என்ற ஓடை இருக்கிறது. 1823 செப்டம்பர் 18 அன்று அங்கே கையெழுத்தான உடன்படிக்கையில் செமினோல்களின் நிலம் போனது. அதற்கு இழப்பீடாக 1976இல் 1 கோடியே 60 லட்சம் டாலர் என்று தீர்ப்பானது, வட்டியோடு 5 கோடியே 60 லட்சமாக வளர்ந்தது. அந்தப் பணத்தில் கறுப்பு செமினோல்களுக்குப் பங்கில்லை. 1823இல் நீங்கள் உறுப்பினர்கள் இல்லையே என்பது பதில். நீதிமன்றம் போனார்கள், பலனில்லை. 2000இல் ஓக்லஹோமா செமினோல் தேசத்தில் ஓட்டெடுப்பு நடத்தி அவர்களை வெளியே தள்ளினார்கள். மத்திய அரசு அதை ஏற்காததால் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். இன்றும் 14 குழுக்களில் டோசர் பார்கஸ், சீசர் புரூனர் என்ற இரண்டு குழுக்கள் அவர்களுடையவை.

சின்னச் சின்னதாகச் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது, மெக்சிகோவில் தங்கிவிட்டவர்களின் ஊரான நாசிமியென்டோவைப் பற்றித் தனியாக ஒரு வீடியோ போடலாம். இப்போது வெளிச்சம் போவதற்குள் ஃபோர்ட் மோசே போய்ச் சேர வேண்டும். பழைய கோட்டை எதுவும் மிஞ்சவில்லை, சதுப்பு நிலம்தான், கொசு அதிகம். கேமராவை அங்கே திறக்கிறேன்.