கூட இருப்பவர் சொல்வதையும் சார்ட்டில் எழுதுங்கள்

நாகர்கோவிலில், செவிலியர் தினத்தன்று நர்சிங் மாணவியரிடம் பேசியது.

பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். மே 12 என்றால் விளக்கேற்றி உறுதிமொழி எடுப்போம். அதை முடித்துவிட்டீர்கள். நான் ஒரு கட்டிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். குடலில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் செய்த ஒரு மீனவர், இரண்டாம் நாள். நைட் டூட்டியில் அந்த வார்டுக்கு நான் ஒருத்திதான். பத்து மணிக்கு அவர் மனைவி வந்து நின்றார். "எனக்க மாப்பிள்ள இப்பிடிக் கெடக்க ஆளில்ல சிஸ்டரே."

போய்ப் பார்த்தேன். பி.பி. 120/80. பல்ஸ் கொஞ்சம் கூடுதல். வலியாக இருக்கும் என்று நினைத்தேன். "ஊசி போட்டிருக்கு அக்கா, தூங்கிருவாரு" என்று சொல்லிவிட்டு வந்து, சார்ட்டில் மூச்சு நிமிஷத்துக்கு 20 என்று எழுதினேன். எண்ணவில்லை. முந்தின டூட்டியிலும் 20, அதற்கு முந்தினதிலும் 20. பன்னிரண்டரைக்கு அவர் மறுபடி வந்தார். அதே பதில்தான் சொன்னேன்.

இரண்டு மணிக்கு மூன்றாவது முறை வந்தார். "வலைய இழுக்கது மாதிரி போர்வைய இழுத்துட்டே இருக்காரு. என்னையப் பாத்து அம்மான்னு விளிக்காரு." அப்போதுதான் கட்டில் ஓரத்தில் நின்று, வாட்சைப் பார்த்து, முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினேன். 34. பி.பி. அப்போதும் 110க்கு மேல்தான் இருந்தது. உள்ளே தையல் விட்டுக் கசிந்து, ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. மறுபடி தியேட்டர், அப்புறம் பல நாள் ஐ.சி.யு. பிழைத்துவிட்டார். ஆனால் நாலு மணி நேரம் போய்விட்டது. அந்த நாலு மணி நேரமும் அவர் மனைவிக்கு விஷயம் தெரியும். எனக்குத் தெரியாது.

பி.பி.யை நம்பி நான் ஏமாந்தது ஏன் என்று பாருங்கள். உடம்பு பி.பி.யைக் கடைசிவரை விட்டுக்கொடுக்காது. பெரிய ஆளுக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம். அதில் ஒரு லிட்டர் போன பிறகும், படுத்திருப்பவருக்குப் பெரும்பாலும் பி.பி.யின் மேல் எண் அப்படியே நிற்கும். ரத்தக்குழாய் சுருங்கி, இதயம் வேகமாக அடித்துத் தாங்கிப் பிடிக்கும். ஒன்றரை லிட்டரைத் தாண்டும்போதுதான் எண் விழும். கிருமித் தொற்றிலும் பி.பி. இறங்கும் முன்பே மூச்சு ஏறலாம், புத்தி தடுமாறலாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பி.பி. மாத்திரையான அட்டினலால் சாப்பிடுகிறவருக்குப் பல்ஸ்கூட அவ்வளவாக ஏறாது. ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தால் விரலில் மாட்டும் மிஷின் ரத்தத்தில் ஆக்சிஜன் 98 சதவீதம் என்றே காட்டிக்கொண்டிருக்கலாம். இங்கிலாந்தில் வைத்திருக்கும் எச்சரிக்கை மதிப்பெண் முறையில், ஆபத்து கூடக் கூட மதிப்பெண் கூடும்; மூச்சு 25ஐத் தொட்டாலே 3 மதிப்பெண். எந்த ஓர் அளவீட்டுக்கும் தரக்கூடிய உச்சமே அதுதான். புதிதாக வரும் குழப்பத்துக்கும் அதே 3.

கிறிஸ்டீன் டானர் என்ற நர்சிங் பேராசிரியை 2006இல், நர்ஸ் எப்படி முடிவெடுக்கிறார் என்பதை விளக்கினார். கவனிப்பது, பொருள் கண்டுபிடிப்பது, செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது. இதில் முதல் படி, அந்த நோயாளியை எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தது. எனக்கு அந்த மனிதரை இரண்டு நாளாகத்தான் தெரியும். அந்த அம்மாவுக்கு இருபது வருஷமாகத் தெரியும். அந்த மனிதர் சாதாரணமாக எப்படி இருப்பார் என்ற அளவு அவர் மனைவியிடம்தான் இருந்தது. இங்கிலாந்தில் 2021இல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுப் பெண், பெற்றோர் கவலைப்பட்டுச் சொல்லியும் ரத்தத்தில் கிருமி ஏறி இறந்துபோனாள். அதற்குப் பிறகு 2024இல், குடும்பத்தாரே வேறொரு மருத்துவக் குழுவை அவசரமாகக் கூப்பிட வழி செய்யும் விதியை அவள் பெயரில் அங்கே கொண்டுவந்தார்கள். நம் வார்டில் அப்படி ஒரு போன் நம்பர் இல்லை. அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே வழி நான்தான்.

அதனால் "பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். "எதுல மாறியிருக்காரு? எப்பலேர்ந்து?" என்று கேளுங்கள். அவர்கள் எதிரிலேயே எண்ணுங்கள். எண்ணியதைச் சொல்லுங்கள், மறுபடி எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள். நோயாளியிடம் மூச்சை எண்ணப்போகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நாடி பிடித்தபடியே நெஞ்சைப் பாருங்கள்.

டியூட்டி டாக்டரை எழுப்பத் தயக்கமாக இருக்கும், தெரியும். "ஆளு ஒரு மாதிரியா இருக்காரு டாக்டர்" என்றால் அவர் பி.பி.யைத்தான் கேட்பார். "மூச்சு எண்ணிப் பார்த்தேன், 34. மனைவியை அடையாளம் தெரியவில்லை. நீங்கள் நேரில் வந்து பார்க்கணும்" என்று சொல்லுங்கள். வரவில்லை என்றால் அவருக்கு மேலே உள்ள டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கூப்பிட்ட நேரத்தை எழுதும்போது, அதற்கு மேல் இன்னொரு வரியும் எழுதுங்கள். இரவு 10.00, நோயாளியின் மனைவி சொன்னது: "எனக்க மாப்பிள்ள இப்பிடிக் கெடக்க ஆளில்ல." அவர் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதி, கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.